தொட்ட கை யாருடையது?

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் லட்சுமி வராகமூர்த்தி கோயிலின் பெரிய குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் லினக்ஸ் ஓடும் மடிக்கணினிகளுக்குப் பஞ்சம் இருக்காது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக க்னூ/லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பு 2001 ஜூலையில் தொடங்கியதும் இதே நகரில்தான். அப்படியொரு மடிக்கணினியில் ஒரு கல்லூரி மாணவி, தான் எழுதிய நிரலை 'பெர்ஃப்' என்ற அளவைக் கருவியின் கீழ் ஓடவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எத்தனை முறை, செயலிக்கு அருகிலுள்ள 'கேஷ்' என்ற சிறிய வேக நினைவகத்தில் தேடிக் கிடைக்காமல் முதன்மை நினைவகத்துக்கு ஓடியது என்பது அவருடைய கேள்வி. விடை உடனே வந்துவிடும். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளியும் 'யூ' என்ற ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த எழுத்துக்குப் பொருள் யூஸர். அவருடைய நிரல் தானாகத் தொட்டவை மட்டுமே அந்த எண்ணில் உள்ளன. அதே நிரலுக்காக, அதே நொடியில், இயங்குதளத்தின் கர்னல் தொட்டவை அதில் சேரவில்லை.

அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு தொடுதலுக்கும் 'இது யாருடைய கை?' என்று கேட்டு எழுதிவைக்க முயன்றவர்களின் வரலாறு அது. சென்னையில் படித்துவிட்டுப் போன ஒருவர் அதில் முக்கியமான இடத்தில் நிற்கிறார்.

கேள்வி எளிதாகத் தோன்றலாம். கர்னலுக்கு ஒரு பகுதி, பயனரின் நிரலுக்கு ஒரு பகுதி என்று நினைவகம் பிரிக்கப்பட்டிருக்கிறது. முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. ஒரு நிரல் கோப்பு ஒன்றைப் படிக்கக் கேட்கிறது. கர்னல் வட்டிலிருந்து கோப்பை எடுத்து முதலில் தன் இடத்தில் வைத்துக்கொள்கிறது; பிறகு அதை நிரலின் இடத்துக்கு நகலெடுத்துக் கொடுக்கிறது. அந்த நகலெடுப்பில் எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் போய் விழும் முகவரி நிரலுடையது. எழுதும் கையோ கர்னலுடையது. முகவரியை மட்டும் பார்ப்பவர் இதை நிரலின் கணக்கில் எழுதிவிடுவார். ஆக, 'எங்கே தொட்டது', 'யார் தொட்டது' என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தத் துறையின் பாதிக் குழப்பம் இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது.

1962 டிசம்பர் 7 அன்று மான்செஸ்டரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் இந்தப் பிரிவினை வன்பொருளிலேயே இருந்தது. அடுத்து எந்தக் கட்டளை என்று காட்டும் பதிவகம் மற்றக் கணினிகளில் ஒன்றுதான்; அட்லஸில் மூன்று. பயனரின் நிரலுக்கு ஒன்று, அதன் சார்பில் நிலைநினைவகத்தில் ஓடும் துணைநிரல்களுக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகளைக் கவனிக்க ஒன்று. 'சூப்பர்வைசர்' என்று அவர்கள் அழைத்த மேலாளர் நிரலுக்குத் தனியாக ஒரு துணை நினைவகமும் இருந்தது. பயனரின் நிரல் அதைத் தொட முடியாது.

ஐபிஎம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 இரண்டு கேள்விகளையும் தெளிவாகப் பிரித்து வைத்தது. செயலியின் நிலைச்சொல்லில் ஒரே ஒரு பிட், இப்போது ஓடுவது மேலாளரா, கணக்குப் போட வந்தவரா என்று சொல்லும். நினைவகத்தின் ஒவ்வொரு 2,048 பைட் தொகுதிக்கும் தனியாக 4 பிட் பூட்டு ஒன்று. பிட் சொல்வது கையை. பூட்டு சொல்வது இடத்தை. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மனி வழியாக வந்து 1973-இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155-ம் இதே குடும்பத்தைச் சேர்ந்த இயந்திரம்தான்.

யூனிக்ஸின் தொடக்கக் காலத்தில் இந்த வேறுபாடு நிரலாளர்களின் பேச்சு வழக்குக்குள்ளேயே வந்துவிட்டது. அவர்கள் வேலை செய்த பிடிபி-11 இயந்திரங்களில் கர்னலின் முகவரிகளும் சுழியத்தில் தொடங்கின, பயனரின் முகவரிகளும் சுழியத்தில் தொடங்கின. கர்னலில் 500 என்பதும் நிரலில் 500 என்பதும் வேறு வேறு இடங்கள். ஆகவே பயனரின் 500-ஐத் தொட வேண்டுமென்றால் கர்னல் வெறுமனே 500 என்று சொல்ல முடியாது. 'முன்பிருந்த நிலையின் 500' என்று சொல்லும் சிறப்புக் கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையை மூடி வைத்த சிறு துணைநிரலுக்கு 'ஃபூபைட்' என்று பெயர், 'பயனரிடமிருந்து ஒரு பைட் எடு' என்பதன் சுருக்கம். எழுதுவதற்கு 'சூபைட்'. சிட்னியில் ஜான் லயன்ஸ் 1977-இல் மாணவர்களுக்காக எழுதிய யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் விளக்கவுரை நகலகங்கள் வழியாக உலகம் சுற்றியது. அதைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். கர்னலின் கை பயனரின் இடத்துக்குள் நீளும் ஒவ்வொரு தருணத்துக்கும் அவர்கள் பெயர் சூட்டியிருந்தார்கள். இப்போதைய லினக்ஸில் 'காப்பி டூ யூஸர்', 'காப்பி ஃப்ரம் யூஸர்' என்று நிற்பவை அந்தப் பரம்பரைதான்.

இங்கே மோட்டரோலா 68000 சில்லைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 1979-இல் வந்த அந்தச் சில்லில் 64 கால்கள். அவற்றில் மூன்று, சில்லு நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அது எந்த வகைத் தொடுதல் என்று வெளியே அறிவிக்கும். 0-0-1 என்றால் பயனரின் தரவு. 0-1-0 என்றால் பயனரின் கட்டளை. 1-0-1 மேலாளரின் தரவு, 1-1-0 மேலாளரின் கட்டளை. பட்டறை மேசையில் ஒரு லாஜிக் அனலைசரின் கொக்கிகளை அந்த மூன்று கால்களிலும் மாட்டிவிட்டால் போதும். எந்த மென்பொருளின் தயவும் இல்லாமல், ஒவ்வொரு தொடுதலும் யாருடையது என்று திரையில் ஓடும். தடம் பிடிப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான சில்லு அமைந்ததில்லை.

அந்த நேர்மைக்கும் ஒரு விலக்கு வந்தது. அடுத்து வந்த 68010 சில்லில் 'மூவ்ஸ்' என்றொரு கட்டளை சேர்க்கப்பட்டது. மேலாளர் நிலையில் ஓடும் கர்னல், பயனரின் இடத்தைத் தொடும்போது தன் மூன்று கால்களில் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று தானே தேர்ந்துகொள்ளலாம். நினைவகச் சுற்று குழம்பாமல் பயனரின் முகவரி வரைபடத்தைப் பயன்படுத்த அது தேவைப்பட்டது. ஆனால் கொக்கியை மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இப்போது தெரிவது 0-0-1. தொட்டது கர்னல், கால்கள் சொல்வது பயனர். 'எங்கே' என்ற கேள்விக்குச் சரியான விடை. 'யார்' என்ற கேள்விக்குத் தவறான விடை.

ஆனால் உண்மையான இழப்பு இதனால் நேரவில்லை. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் கேஷ் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எப்படி அமைய வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நம்பியிருந்தது தடப்பதிவுகளை. ஒரு நிரல் ஓடும்போது தொடும் முகவரிகளை எல்லாம் வரிசையாக எழுதி எடுத்து, அந்தப் பட்டியலைக் காகிதத்தில் மட்டுமே உள்ள ஒரு கேஷுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். பட்டியலில் குறை இருந்தால் கேஷும் குறையோடுதான் பிறக்கும்.

பட்டியலில் குறை இருந்தது. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தின் வேக்ஸ் கணினிகள் அப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் பரவலாக இருந்தவை. அவற்றின் நிலைச்சொல்லில் 'டி-பிட்' என்று ஒன்று உண்டு. அதை உயர்த்தி வைத்தால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் இயந்திரம் கர்னலிடம் வந்து நிற்கும். அங்கே இருக்கும் ஒரு நிரல், இப்போது முடிந்த கட்டளை எந்தெந்த முகவரிகளைத் தொட்டது என்று கணக்கிட்டு எழுதும். பிழைதிருத்துவதற்கென்று செய்த வசதி தடம் பிடிக்கவும் உதவியது. ஆனால் கர்னலுக்குள் நுழைந்த கணமே டி-பிட் தாழ்ந்துவிடும். இல்லாவிட்டால் எழுதுபவரே தன்னைப் பற்றி எழுதிக்கொண்டு முடிவில்லாமல் சுழல வேண்டியிருக்கும். விளைவு, பதிவில் கர்னல் இல்லை, குறுக்கீடுகள் இல்லை, ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தருணங்கள் இல்லை. ஒற்றை நிரல் தனிமையில் ஓடியது போன்ற ஒரு சித்திரம் மட்டும் மிஞ்சும்.

சமையலறையில் இரண்டு பேர் ஒரே அஞ்சறைப் பெட்டியை வைத்துக்கொண்டு சமைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கடுகும் சீரகமும் நிரப்பி வைக்கிறார். நடுவில் மற்றவர் வந்து, தனக்கு வேண்டிய சோம்பையும் பட்டையையும் வைக்க இடம் வேண்டி, கடுகை எடுத்துச் சாமான் அறையில் வைத்துவிட்டுப் போகிறார். முதலாமவர் திரும்பி வரும்போது கடுகு இல்லை. சாமான் அறைக்கு நடக்க வேண்டும். முதலாமவரின் கையை மட்டும் பார்த்து எழுதிய கணக்கில் இந்த நடை வரவே வராது. பெட்டி எப்போதும் நிறைந்திருப்பதாகத்தான் அந்தக் கணக்கு சொல்லும்.

அனந்த் அகர்வால் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்து 1982-இல் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் எம்.ஐ.டி. பேராசிரியராகவும் இணையவழிக் கல்வித் தளமான எட்எக்ஸின் முதல் தலைவராகவும் அறியப்பட்டவர். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்தப் புகழுக்கெல்லாம் முன்பு, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட வேலை, இந்தப் பட்டியலில் விடுபட்ட பாதியை எழுதுவது.

டிஜிட்டல் நிறுவனத்தின் ரிச்சர்ட் சைட்ஸ், ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர் கண்ட வழி, இயங்குதளத்துக்கும் கீழே இறங்குவது. வேக்ஸின் ஒவ்வொரு கட்டளையும் உள்ளே மைக்ரோகோடு என்ற இன்னும் சிறிய படிகளால் நடத்தப்படுகிறது. கட்டளை கர்னலுடையதானாலும் பயனருடையதானாலும் நினைவகத்தைத் தொட வேண்டுமென்றால் மைக்ரோகோடின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலில் உட்கார்ந்தால் யாரும் தப்ப முடியாது. வேக்ஸ் 8200 இயந்திரத்தின் மைக்ரோகோடைத் திருத்தி, ஒவ்வொரு தொடுதலின்போதும் அந்த முகவரியையும் அது எந்த வகை என்பதையும் நினைவகத்தின் ஒதுக்கிவைத்த ஒரு மூலையில் எழுத வைத்தார்கள். அந்த மூலை இருப்பது இயங்குதளத்துக்கே தெரியாது. மூலை நிரம்பியதும் இயந்திரத்தை நிறுத்தி, எழுதியதை வட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு பதிவில் சில லட்சம் தொடுதல்கள்.

இந்த முறைக்கு 'ஏட்டம்' என்று பெயர், மைக்ரோகோடின் மூலம் முகவரித் தடம் பிடித்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1986-இல் டோக்கியோவில் நடந்த கணினிக் கட்டமைப்பு மாநாட்டில் வெளியானது.

வேக்ஸில் பிரித்தறியும் வேலைக்கு இரண்டு துணைகள் இருந்தன. 32 பிட் முகவரியின் மேல் பிட் 1 என்றால் அது அமைப்பின் பகுதி, 0 என்றால் தனி நிரலின் பகுதி. இது இடத்தைச் சொல்லும். நிலைச்சொல்லில் இருந்த இரண்டு பிட்கள், கர்னல், எக்ஸிக்யூட்டிவ், சூப்பர்வைசர், யூஸர் என்ற நான்கு நிலைகளில் இப்போது எது என்று காட்டும். இது கையைச் சொல்லும். இரண்டையும் எட்டிப் பார்க்கக்கூடிய உயரத்தில் மைக்ரோகோடு உட்கார்ந்திருந்தது.

ஏட்டம் இன்னொரு சிக்கலையும் குறைத்தது, அது நேரம் பற்றியது. தடம் பிடிக்கும்போது இயந்திரம் மெதுவாக ஓடும். ஆனால் சுவர்க்கடிகாரம் மெதுவாகாது. கடிகாரக் குறுக்கீடு வழக்கமான வேகத்தில் வந்துகொண்டேயிருக்கும். நூறு மடங்கு மெதுவாக ஓடும் நிரலுக்கு அது நூறு மடங்கு அடிக்கடி வருவது போலாகும். ஒவ்வொரு வருகையிலும் கர்னல் விழித்துக்கொள்ளும். ஆகவே கர்னலைப் பதிவில் சேர்க்கப் போய், அதன் பங்கைத் தேவைக்கு மேல் பெருக்கிக் காட்டிவிடும் ஆபத்து இருந்தது. கட்டளைக்கு ஒருமுறை கர்னலிடம் போய்வந்த பழைய முறைகளோடு ஒப்பிட்டால், ஏட்டத்தின் தாமதம் சுமார் 20 மடங்குதான். அப்போதைய நிலையில் அது பெரிய சாதனை.

கிடைத்த பதிவுகளைக் கேஷ் மாதிரிகளுக்குள் செலுத்தியபோது, பயனர் பதிவுகளை மட்டும் நம்பியவர்களின் கணக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று தெரிந்தது. கர்னலையும் பல நிரல்கள் மாறி மாறி ஓடுவதையும் சேர்த்தால், கேஷில் இல்லாமல் போகும் விகிதம் கணிசமாக ஏறியது. அகர்வால், ஜான் ஹென்னஸி, ஹோரோவிட்ஸ் மூவரும் 1988-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். அகர்வாலின் 1987 ஆய்வேட்டின் தலைப்பிலேயே இயங்குதளங்களும் பல்நிரல் ஓட்டமும் இடம்பெற்றிருந்தன. கணினி வரலாற்றை எழுதுபவர்கள் எட்எக்ஸுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குவார்கள். ஏட்டத்துக்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டும். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் பாதிக் கணக்கை முழுக் கணக்கு என்று நம்பியிருந்ததை எண்களோடு காட்டிய வேலை அது.

ஆனால் மைக்ரோகோடு என்ற வாசல் வெகு காலம் திறந்திருக்கவில்லை. ஹென்னஸியே முன்னின்று வளர்த்த ரிஸ்க் வகைச் செயலிகளில் மைக்ரோகோடே கிடையாது. உட்கார இடமில்லாமல் போன தடம்பிடிப்பவர்கள் வெளியே, செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே உள்ள பஸ்ஸில் போய் நின்றார்கள். அங்கே வேறொரு தொல்லை. பஸ்ஸில் ஓடுவது உண்மை நினைவகத்தின் முகவரி. அதில் மேல் பிட்டும் இல்லை, நிலைச்சொல்லும் இல்லை. 68000-இன் மூன்று கால்களும் இல்லை.

ஜோசப் டோரெலாஸ், டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த அனூப் குப்தா, ஹென்னஸி மூவரும் நான்கு செயலிகள் கொண்ட ஒரு சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரத்தில் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். கட்டளைகள் எப்போதும் இரட்டைப்படை முகவரிகளில்தான் இருக்கும். கர்னலின் கட்டளைப் பகுதிக்குள் ஒற்றைப்படை முகவரி ஒன்றிலிருந்து ஒரு பைட்டைப் படிக்க யாருக்கும் காரணம் கிடையாது. ஆகவே கர்னலுக்குள் முக்கியமான நிகழ்வு ஒவ்வொன்றிலும், கேஷைத் தாண்டி, அப்படியொரு ஒற்றைப்படை முகவரியைப் படிக்கும்படி கர்னலைத் திருத்தினார்கள். படித்த பைட் எதற்கும் பயன்படாது. ஆனால் பஸ்ஸில் நின்று எழுதிக்கொண்டிருக்கும் கருவிக்கு அது ஒரு கைத்தட்டல் மாதிரி: 'இப்போது உள்ளே வந்தேன்', 'இப்போது வெளியே போகிறேன்'. இரண்டு கைத்தட்டல்களுக்கு நடுவே வந்ததெல்லாம் கர்னலின் கணக்கு. ரகசியமாகப் பார்ப்பதை விட்டு, கர்னலையே சாட்சி சொல்ல வைத்த வேலை இது.

பிறகு வந்தவை கொஞ்சம் வேகமாக நடந்தன. 1990-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்ப்ளமின் குழு சிம்ஓஎஸ் என்ற முழுக் கணினிப் பாவனையைக் கட்டியது. பாவனைக் கணினியில் நிலைச்சொல் என்பது ஒரு மாறிதான், எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். 32 பிட் லினக்ஸில் 4 ஜிபி முகவரி வெளியில் கீழ் 3 ஜிபி பயனருக்கு, மேல் 1 ஜிபி கர்னலுக்கு என்ற பங்கீடு வழக்கமாகி, முகவரியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் மறுபடி தலையெடுத்தது. 'காப்பி டூ யூஸர்' செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் அந்தப் பழக்கம் தவறான பக்கத்தில் எழுதியது.

2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன் குறை, ஒரே முகவரி வரைபடத்தில் கர்னலையும் பயனரையும் வைத்ததன் விலையைக் காட்டியது. பயனரின் நிரல், தனக்கு அனுமதியில்லாத கர்னல் முகவரியைத் தொடுகிறது, செயலி தடுக்கிறது. ஆனால் தடுப்பதற்கு முன்பு ஊகத்தில் ஓடிய சில கட்டளைகள் கேஷில் தடம் விட்டுச் செல்கின்றன; அந்தத் தடத்தைப் படித்தே ரகசியம் வெளியாகிறது. அதே மாதம் வந்த லினக்ஸ் 4.15, இன்டெல் இயந்திரங்களில் வரைபடத்தையே இரண்டாகப் பிரித்தது. கர்னலுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று, நினைவகத்தில் அடுத்தடுத்த இரண்டு 4 கேபி பக்கங்களில். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, வரைபடத்தைச் சுட்டும் பதிவகத்தில் ஒரு பிட்டைத் திருப்பினால் போதும். தடம்பிடிப்பவருக்குக் கேட்காமலே கிடைத்த இன்னொரு அடையாளம் அது.

லினக்ஸின் மூலநிரலில் 'யூஸர் மோடு' என்ற சின்னஞ்சிறு துணைநிரல் ஒன்று உண்டு. குறுக்கீடு வந்து கர்னல் விழித்ததும், 'நான் வருவதற்கு முன்பு ஓடிக்கொண்டிருந்தது யார்?' என்று கேட்பது அது. பெயர் எல்லா இயந்திரங்களிலும் ஒன்றுதான். கேட்கும் இடம்தான் வேறு. இன்டெல்லில், சேமித்து வைத்த கட்டளைப் பிரிவுப் பதிவகத்தின் கடைசி இரண்டு பிட்களைப் பார்க்கும்: 3 என்றால் பயனர், 0 என்றால் கர்னல். ஆர்ம் 64-இல் நிலைச்சொல்லின் கீழ்ப் பிட்களைப் பார்க்கும். ரிஸ்க்-ஃபைவில் 'முந்தைய நிலை' என்ற ஒற்றை பிட்டைப் பார்க்கும். முகவரியை எங்கும் கேட்பதில்லை.

ரிஸ்க்-ஃபைவ் என்றதும் கதை மறுபடி திருவனந்தபுரத்துக்கு வருகிறது. வேகா என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலி வரிசையை வடிவமைத்தது இங்கிருக்கும் சி-டாக் நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி வரிசையும் வேகாவும் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட டிஐஆர்-வி திட்டத்தின் இரண்டு தூண்கள். ரிஸ்க்-ஃபைவின் விதிகளில், தான் இப்போது எந்த நிலையில் ஓடுகிறேன் என்று ஒரு நிரல் நேரடியாகக் கேட்டறிய எந்தப் பதிவகமும் கிடையாது. முந்தைய நிலை மட்டும் எழுதப்பட்டிருக்கும். இப்போதைய நிலை செயலியின் உள்கம்பிகளில் மட்டும் வாழ்கிறது. ஆகவே ரிஸ்க்-ஃபைவ் தடப்பதிவின் தரவரையறை, செயலியே அந்தக் கம்பியைப் பதிவுக் கருவிக்கு நீட்டித் தர வேண்டும் என்று கேட்கிறது. பதிவில் நிலைக்கென்று ஒரு கட்டம் உண்டு. 68000-இன் மூன்று கால்கள் நாற்பது ஆண்டு கழித்துச் சில்லுக்கு உள்ளே திரும்பி வந்திருக்கின்றன. கர்னல் பயனரின் பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் 'சம்' என்ற பிட்டை முதலில் உயர்த்த வேண்டும், வேலை முடிந்ததும் தாழ்த்த வேண்டும். உயர்த்த மறந்தால் செயலியே தடுக்கும். ஃபூபைட் என்று பெயர் வைத்துக் கவனமாக நடந்துகொண்டவர்களின் பழக்கம் இப்போது வன்பொருளின் சட்டம்.

குளக்கரை வீட்டு மடிக்கணினிக்கு வருவோம். அதன் இன்டெல் செயலியின் ஒவ்வோர் எண்ணிக்கைப் பதிவகத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சொல் உண்டு. அதில் 16-ஆம் பிட் 'பயனர் ஓடும்போது எண்ணு', 17-ஆம் பிட் 'கர்னல் ஓடும்போது எண்ணு'. மாணவிக்குக் கிடைத்த எண்ணில் இரண்டாவது பிட் தாழ்ந்திருந்தது. கர்னலின் நடமாட்டத்தைச் சாதாரணப் பயனர் எண்ணத் தொடங்கினால் அதன் ரகசியங்களையும் ஊகிக்கலாம் என்ற அச்சத்தில், லினக்ஸ் 2016 முதல் அதைத் தடுத்தே வைத்திருக்கிறது. 'பெர்ஃப் ஈவன்ட் பாரனாய்ட்' என்ற அமைப்பில் இருக்கும் எண் 2. சில பதிப்புகளில் இன்னும் அதிகம். நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுத்து அதை 1 ஆக்கிவிட்டு, இரண்டு எழுத்துகளையும் தனித்தனியே கேட்டால், திரையில் இரண்டு வரிகள் வரும்: ஒன்று 'யூ', அடுத்தது 'கே'. பெரிய கோப்பு ஒன்றைப் படிக்கும் நிரலானால் 'கே' வரியில் நிறையவே சேரும். அந்தத் தொடுதல்களில் பல விழுந்தது அவருடைய நிரலின் சொந்த முகவரிகளில்.